ஓட்டும் பெண்களும்

(பூம்பாறைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இம்மலைக் கிராமத்தில் பெண்கள் ஓட்டுரிமையைப் பற்றிப் பேசுவதென்று ஏற்பாடு ஆனவுடன் சில நண்பர்கள் நம்மிடம் வந்து, "பூண்டு விலையைப் பற்றிப் பேசினாலும் நாலு பேர் வருவார்கள், பெண்கள் ஓட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது? அதுதான் கிடைத்து எத்தனையோ காலமாய்விட்டதே?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கிடைத்துவிட்ட ஒரு பொருளைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அது யார் பேருக்குக் கிடைத்தது, யார் கையில் இருக்கின்றது என்று பார்ப்பதற்காகத்தான் பேச வேண்டும்.

தேர்தல் காலத்தில் கட்சிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்கள் வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று கேட்கின்றார். திண்ணையில் இருக்கும் ஆண்பிள்ளை, "எங்கள் வீட்டில் ஆறு ஓட்டு" என்று பதில் சொல்லுகின்றார். "எங்கள் வீட்டில் ஆறு மாடு" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த ஆறில் மூன்றோ நாலோ பெண்களுடைய ஓட்டாயிருக்கும். அவர்கள் உள்ளே அடுப்படியில் இருப்பார்கள். அவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அவர்களும் வெளியில் வந்து, "என் ஓட்டை நீ ஏன் கணக்குச் சொல்லுகிறாய்?" என்று கேட்பதில்லை. இந்த ஒரு சங்கதிக்காகத்தான் நாம் மலையேறி வந்திருக்கின்றோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரத்தில் விட்டுவிட்டுப் பின்னால் கிடைத்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகின்றோம். ஆகவே நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கேட்டு, யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

ஆட்சேபணைகள்

முதலாவது, பெண்களுக்கு ஓட்டு எதற்கு என்று உலகமெங்கும் கேட்டவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று பார்ப்போம். பெண்களுக்குப் புத்தி போதாது என்றார்கள். பெண்களுடைய இடம் வீடு என்றார்கள். புருஷன் ஓட்டுப் போட்டால் அதில் பெண்சாதியின் ஓட்டும் அடங்கிவிட்டது என்றார்கள். நம் நாட்டிலோ இவற்றுக்கெல்லாம் மேலே சாஸ்திரம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. சிறு வயதில் தகப்பனுக்கும், வயது வந்த பின் புருஷனுக்கும், கிழவியான பின் மகனுக்கும் அடங்கி இருக்க வேண்டியவளே பெண் என்று மனுவின் பேரால் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தர்மம் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

சரி, இந்த ஊரையே பார்ப்போம். பூம்பாறை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குழந்தை வேலப்பர் கோவிலும், படிப்படியாக வெட்டிய மலைக்காடுகளும், மலைப்பூண்டும்தான் ஞாபகத்துக்கு வரும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு என்ற சர்க்கார் முத்திரைகூடக் கிடைத்துவிட்டது. அந்தப் பூண்டை ஊன்றுவது யார்? குனிந்து களையெடுப்பது யார்? பிடுங்கிக் காயவைத்துத் தரம் பிரிப்பது யார்? அந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் தலையில்தான் விழுகின்றது என்பது உங்களுக்கே தெரியும். எந்தப் படியில் தண்ணீர் நிற்கும், எந்தப் படியில் மண் சரியும், எந்த மாதம் பனி விழும் என்று தெரிந்து வெள்ளாமை பார்க்கப் பெண்ணுக்குப் புத்தி போதும். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேரில் எவன் யோக்கியன் என்று பார்த்துச் சொல்ல மாத்திரம் புத்தி போதாதா?

பெண்ணின் இடம் வீடு என்கிறார்கள். இருக்கட்டும். அந்த வீட்டுக்கு வரும் அரிசியின் விலையை, தண்ணீரை, ரோட்டை, பிரசவத்துக்கு ஓட வேண்டிய ஆஸ்பத்திரியை, பிள்ளை போகும் பள்ளிக்கூடத்தை, புருஷன் குடித்துவிட்டு வரும் சாராயத்தை, இவற்றையெல்லாம் தீர்மானிப்பது எங்கே? சட்டசபையில் அல்லவா? அப்படியானால் வீட்டைக் காப்பவளுக்குத்தான் ஓட்டு முதலில் வேண்டும். புருஷன் ஓட்டில் பெண்சாதி ஓட்டு அடக்கம் என்றால், புருஷன் சாப்பிட்டால் பெண்சாதி வயிறு நிரம்ப வேண்டுமே! நிரம்புகின்றதா என்று கேட்கின்றோம்.

வெளிநாடுகளில் நடந்தது

இந்த ஓட்டு எந்தத் தேசத்துப் பெண்ணுக்கும் தானாகக் கிடைத்துவிடவில்லை. தேசம் முழுவதற்குமான தேர்தலில் பெண்களுக்கு முதன்முதல் ஓட்டுக் கொடுத்தது நியூசிலாந்து. அது 1893-ஆம் ஆண்டு. கேட் ஷெப்பர்டு என்ற அம்மையாரும் அவருடைய தோழிகளும் ஊர் ஊராய், வீடு வீடாய்ப் போய் சுமார் 32,000 பெண்களிடம் கையெழுத்து வாங்கி மகஜர் கொடுத்த பிறகுதான் அதுவும் நடந்தது. 1906-இல் பின்லாந்து, ஓட்டுப் போடவும் தேர்தலில் நிற்கவும் இரண்டு உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தது. 1917-இல் ருஷியாவில் ஜார் ஆட்சி கவிழ்ந்த பிறகு அங்குள்ள பெண்களுக்குக் கிடைத்தது. அமெரிக்கா 1920-இல் கொடுத்தது. சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகத்துக்கே பாடம் சொன்ன பிரான்சு 1944-ஆம் ஆண்டு வரை கொடுக்கவில்லை. சுவிட்சர்லாந்தோ 1971-இல்தான் கண்ணைத் திறந்தது.

இங்கிலாந்தில் நடந்தது மிகவும் கொடுமை. அங்கே ஓட்டுக் கேட்ட பெண்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சிறையில் பட்டினி கிடந்தவர்களுக்கு மூக்கிலும் வாயிலும் குழாயை விட்டு ஆகாரத்தை ஊற்றினார்கள். 1913-இல் ஒரு சட்டம் செய்து, பட்டினியால் சாகும் தறுவாய்க்கு வந்தவர்களை வெளியே விடுவதும், உடம்பு தேறியவுடன் மறுபடியும் பிடித்து உள்ளே போடுவதுமாக, பூனை எலியோடு விளையாடுவதுபோல் விளையாடினார்கள். அதே வருஷத்தில் எமிலி டேவிசன் என்ற அம்மையார் குதிரைப் பந்தயத்தில் ராஜாவின் குதிரைக்கு முன்னால் போய் விழுந்து மாண்டார். கடைசியாக 1918-இல் கொடுத்தபோதும், 30 வயதாகி இருக்க வேண்டும், சொத்து யோக்கியதையும் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். ஆணுக்குச் சமமாக 21 வயதில் ஓட்டு என்பது 1928-இல்தான் வந்தது.

நமது மாகாணத்தில் நடந்தது

நிற்க, நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1917-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் ஏற்பட்டது. அன்னி பெசண்ட் அம்மையார் தலைவராகவும், மார்கரெட் கசின்ஸ், டொரத்தி ஜினராஜதாசா முதலிய அம்மையார்கள் முக்கிய வேலைக்காரர்களாகவும் இருந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் மாதத்தில், இந்தியாவுக்கு எந்தவிதமான சீர்திருத்தம் கொடுக்கலாம் என்று பார்க்க வந்த மாண்டேகு மந்திரியைச் சென்னையில் சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் பெண்கள் கூட்டமாகச் சென்று கண்டு, ஆண்களுக்குக் கொடுப்பதைப் பெண்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இவர்கள் யாரிடம் போய்க் கேட்டார்களோ, அந்த மந்திரியின் தேசத்திலேயே அன்றைய தினம் பெண்களுக்குப் பார்லிமெண்டு ஓட்டுக் கிடையாது!

பிறகு யாருக்கெல்லாம் ஓட்டுக் கொடுக்கலாம் என்று விசாரிக்க சவுத்பரோ கமிட்டி என்று ஒன்று வந்தது. அது 1919-இல், இந்த நாட்டுப் பெண்கள் கோஷாவில் இருப்பவர்கள், சமூக நிலைமை இன்னும் பக்குவப்படவில்லை என்பதாகச் சொல்லிக் கையை விரித்துவிட்டது. வீட்டுக்குள் போட்டு அடைத்து வைப்பானாம். பிறகு வெளியே வரவில்லையே, உனக்கு ஓட்டு எதற்கு என்பானாம்! பெண்கள் சும்மா இருக்கவில்லை. சரோஜினி நாயுடு, அன்னி பெசண்ட், பம்பாயைச் சேர்ந்த ஹீராபாய் டாட்டா, அவருடைய மகள் மிதன் ஆகியவர்கள் சீமைக்கே போய்ப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சியம் சொன்னார்கள். அதன் பலனாக 1919-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தில், "நாங்கள் கொடுக்கவில்லை, அந்தந்த மாகாணச் சட்டசபை இஷ்டப்பட்டால் கொடுத்துக்கொள்ளலாம்" என்ற அளவுக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டார்கள்.

அந்த வாசலில் முதலில் நுழைந்தது எந்த மாகாணம்? தேசியம் பெரிதாகப் பேசப்பட்ட வங்காளமா? செல்வம் பெருத்த பம்பாயா? இல்லை. நமது சென்னை மாகாணமே. 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, பெண் என்ற காரணத்துக்காக ஒருவருக்கு ஓட்டு இல்லை என்ற தடையை எடுத்துவிட வேண்டும் என்ற தீர்மானம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறிற்று. அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக் கட்சி. முதல் மந்திரியாய் இருந்தவர் சுப்பராயலு ரெட்டியார் அவர்கள். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். அதே வருஷத்தில் பின்னால் பம்பாயும், 1923-இல் ஐக்கிய மாகாணமும், 1925-இல் வங்காளமும் வந்து சேர்ந்தன. பிரான்சு தேசத்துப் பெண்ணுக்கு ஓட்டு வருவதற்கு 23 வருஷத்துக்கு முன்னாலேயே சென்னை மாகாணத்துப் பெண் ஓட்டு வாங்கினாள் என்பது நாம் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளக் கூடிய விஷயந்தான்.

ஆனால் மார்தட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பெண் வாங்கினாள்?

சொத்தும் ஓட்டும்

அந்தக் காலத்து ஓட்டு மனிதனுக்குக் கொடுத்த ஓட்டல்ல. சொத்துக்குக் கொடுத்த ஓட்டு. இவ்வளவு நிலவரி கட்ட வேண்டும், அல்லது நகரத்தில் இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆண்களிலேயே ஏழைகளுக்கு ஓட்டுக் கிடையாது. பெண்களுக்கோ சொத்தே கிடையாது. நிலம் தகப்பன் பேரில் இருக்கும். பிறகு அண்ணன் தம்பிமார் பேரில் போகும். கலியாணம் ஆனால் புருஷன் பேரில் இருக்கும். உழைப்பு மாத்திரம் பெண் பேரில் இருக்கும். ஆகவே 1921-இல் சட்டசபையின் கதவைத் திறந்தும், உள்ளே நுழையக் கூடிய பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தப் பூம்பாறையில் அன்று களையெடுத்த பாட்டிக்கு அப்படி ஒரு தீர்மானம் வந்ததாகச் சேதிகூட வந்திருக்காது.

இதனால்தான் பெண்களுக்கு ஓட்டு மாத்திரம் போதாது, சொத்தில் சமபாகமும் வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு தீர்மானம் செய்தது. அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர். இந்து வாரிசுச் சட்டம் 1956-இல் வந்தது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குச் சமபங்கு என்ற சட்டம் 1989-இல் வந்தது. இந்தியா முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. செங்கற்பட்டில் சொன்னதைச் சட்டமாக எழுத 60 வருஷமும், தேசம் முழுவதும் ஒப்புக்கொள்ள 76 வருஷமும் பிடித்தன. சிரித்தவர்கள் பேர் யாருக்கு ஞாபகம் இருக்கின்றது?

இடையில் 1935-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று வந்தது. அதில் ஓட்டுள்ள பெண்களின் தொகையை உயர்த்தி, சுமார் 60 லட்சம் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு என்று ஒரு வழி வைத்தார்கள். அது நியாயம். இன்னொரு வழி, சொத்துள்ள ஆணின் பெண்சாதியாகவோ விதவையாகவோ இருந்தால் ஓட்டு உண்டு என்பது. அதாவது, ஒரு பெண் தான் மனுஷி என்பதற்காக ஓட்டு வாங்கவில்லை. இன்னாருக்குப் பெண்சாதி என்பதற்காக வாங்கினாள்! தாலிக்கு ஓட்டுக் கொடுத்தார்களே ஒழியப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் அச்சட்டத்தின்படி சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உள்ளே போனவர்கள் செய்தது

"பெண்கள் சட்டசபைக்குப் போய் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?" என்று கேட்டவர்களுக்கு ஒரே ஒரு பேரைச் சொல்லுவது போதும். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் டாக்டர் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்தான் அவர். சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927-இல் அதன் உபதலைவராகவும் ஆனார். ஆண்கள் மாத்திரம் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் கோவில்களில் சிறுபெண்களுக்குப் பொட்டுக்கட்டிவிடும் அக்கிரமம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்தினவர்களும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் உள்ளே போனவுடன் அந்தச் சங்கதி சட்டசபையின் நடுக்கூடத்துக்கு வந்தது. அது தர்மம், அது கலை, அதில் கை வைக்கக் கூடாது என்று பெரிய பெரிய தேசபக்தர்களெல்லாம் வாதாடினார்கள். வெளியில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கல்லடிக்கும் சொல்லடிக்கும் அஞ்சாமல் பிரசாரம் செய்தார்கள். 1929-இல் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோவில் ஊழியத்திலிருந்து விடுவிக்கச் சட்டம் வந்தது. 1947-இல் பொட்டுக்கட்டுவதே குற்றம் என்று சட்டம் ஆயிற்று. எத்தனையோ நூற்றாண்டாய்ச் சாமியின் பேரால் நடந்த ஒரு கொடுமை, பெண்கள் பேச ஆரம்பித்த 20 வருஷத்தில் சட்டத்துக்கு முன் தலை குனிந்தது. சாமி வந்து தடுக்கவும் இல்லை. மழை பொய்க்கவும் இல்லை.

பேர் இல்லாத 28 லட்சம் பேர்

சுதந்தரம் வந்த பிறகு, அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகிய மூன்று அம்மையார்கள் இருந்தார்கள். அச்சபையில் இருந்த ஒரே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் தாட்சாயணி அம்மையாரே. 1950 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், ஆண் பெண், ஜாதி மதம், சொத்து படிப்பு ஒன்றையும் பாராமல், 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டது. பிறகு 1989-இல் அந்த வயது 18 ஆயிற்று.

இங்கேதான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி நடந்தது. 1951-52-இல் முதல் பொதுத் தேர்தல். அதற்கு ஜாபிதா எழுத உத்தியோகஸ்தர்கள் வீடு வீடாகப் போனார்கள். வடநாட்டுப் பக்கத்தில் பல மாகாணங்களில் பெண்கள் தங்கள் பேரைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய தாயார், இன்னாருடைய மகள் என்று மாத்திரம் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனராய் இருந்த சுகுமார் சென் அவர்கள் தம் சொந்தப் பேரைச் சொல்லாதவர்களுக்கு ஜாபிதாவில் இடம் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படிப் பேர் அடிபட்டுப் போன பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏறக்குறைய 28 லட்சம் பேர்!

தாய்மார்களே! அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எந்தப் போலீசும் தடுக்கவில்லை. சட்டம் கொடுத்ததை வழக்கம் பிடுங்கிக்கொண்டது. பிறந்தது முதல் "இன்னாருடையவள்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்ததன் பலன், தான் ஒருத்தி தனியாக இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. வடநாட்டைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு பக்கத்திலிருப்பவளைச் சொல்லச் சொன்ன பெண்கள் நம் ஊர்களிலும் இருந்தார்கள். புருஷன் மாத்திரம் பெண்சாதி பேரை ஊர் கேட்கக் கத்துகிறான். அவள் ஆயுசு குறைந்ததாக எந்தச் சாஸ்திரியும் கவலைப்படவில்லையே, ஏன்?

நல்ல வேளையாக, அடுத்து வந்த தேர்தல்களில் அந்தப் பெண்கள் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 2024-ஆம் ஆண்டு ஜாபிதாப்படி தமிழ்நாட்டில் ஆண் ஓட்டர்கள் சுமார் 3 கோடியே 6 லட்சம். பெண் ஓட்டர்கள் சுமார் 3 கோடியே 17 லட்சம். ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 11 லட்சம் அதிகம்.

கொடுத்ததைப் பிடுங்கிய கதை

கிடைத்த ஓட்டு எங்கே போய்விடப் போகின்றது என்று அசட்டையாய் இருப்பவர்களுக்கு இலங்கையின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே 1927-இல் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கம் ஏற்பட்டது. டோனமூர் கமிஷன் வந்தபோது சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய படிப்பாளிகளே பெண்களுக்கு ஓட்டுக் கூடாது என்று எதிர்த்தார்கள். அப்படியிருந்தும் 1931-இல் 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டுக் கிடைத்தது. 1932-இல் நேசம் சரவணமுத்து என்ற அம்மையார் கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்கே போனார்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கூடை சுமந்த நம் தமிழ்ப் பெண்களுக்கும், நிரந்தரக் குடியிருப்பு முதலிய நிபந்தனைகளோடு, அந்த ஓட்டு ஒரு பகுதி கிடைத்தது. ஆனால் 1948-இல் பிரஜா உரிமைச் சட்டம் என்று ஒன்று செய்து, அடுத்த வருஷத்தில் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளிகளின் ஓட்டை ஆண் பெண் அடங்கலும் பறித்துக்கொண்டார்கள். ஓட்டுப் போனவுடன் என்ன ஆயிற்று? அவர்களை எண்ணிப் பங்கு போடலாம் என்ற தைரியம் ஆட்சிக்காரர்களுக்கு வந்தது. 1964-இல் இரு தேசத்துப் பிரதம மந்திரிகளும் உட்கார்ந்து, உனக்கு 5,25,000 பேர், எனக்கு 3,00,000 பேர் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியிலும் இந்தக் கொடைக்கானல் மலைகளிலும் வந்து குடியேறினார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களில் கடைசியாக மிஞ்சியவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கின்றது. அந்த ஒப்பந்தத்தில் இலங்கைக்காகக் கையெழுத்துப் போட்டவர் ஸ்ரீமாவோ பண்டாரநாயகா அம்மையார். உலகத்திலேயே முதல் பெண் பிரதம மந்திரி. ஆகவே நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டதாலேயே எல்லாப் பெண்களுக்கும் நன்மை வந்துவிடாது. கீழே இருக்கும் பெண்ணின் கையில் ஓட்டு இருந்தால்தான் மேலே இருப்பவர், அவர் ஆணானாலும் பெண்ணானாலும், பயந்து நடப்பார்.

செய்ய வேண்டியது

கடைசியாக, இன்றைய காரியத்துக்கு வருவோம். ஓட்டில் பெண்கள் அதிகம். நாற்காலியில் எத்தனை பேர்? 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு 234 பேரில் 12 பெண்கள் போனார்கள், நூற்றுக்கு அஞ்சு. 2024-இல் லோக்சபைக்கு 543 பேரில் 74 பெண்கள். மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற மசோதா 1996-இல் முதன்முதல் வந்து, கிழிபட்டு, அடிபட்டு, 2023-இல்தான் அரசியல் சட்டத் திருத்தமாக நிறைவேறிற்று. அதிலும் ஜனத்தொகைக் கணக்கு எடுத்து, தொகுதிகளைப் பிரித்த பிறகே அமல் என்று எழுதினார்கள். பந்தியில் இலை போட்டுவிட்டு, சோறு பிறகு வரும் என்பதுபோல் இருக்கின்றது இது.

பஞ்சாயத்தில் மாத்திரம் நிலைமை வேறு. 1993-இல் அமலுக்கு வந்த திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கும், பிறகு தமிழ்நாட்டில் 2016-இல் செய்த சட்டத்தால் பாதியும் பெண்களுக்கு என்றாயிற்று. ஆனால் பல ஊர்களில் நடப்பது என்ன? கையெழுத்து அந்த அம்மாளுடையது. கூட்டத்தில் பேசுவது அவள் வீட்டுக்காரர். அவரையே ஊரார் "தலைவர்" என்று கூப்பிடுகிறார்கள். 1935-இல் புருஷன் சொத்தைக் காட்டிப் பெண்சாதிக்கு ஓட்டுக் கொடுத்தார்கள். இன்றோ பெண்சாதியின் ஸ்தானத்தைக் காட்டிப் புருஷன் அதிகாரம் செய்கிறான். இரண்டிலும் பெண் ஒரு சாக்குத்தானே?

ஓட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பெண்கள் கையில் நோட்டைக் கொடுத்து, சாமி படத்தின் மேலோ, பிள்ளை தலை மேலோ சத்தியம் வாங்கிக்கொள்ளுகிறார்கள். ஆண்கள் காசை வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுவார்களாம். பெண்களிடம் சத்தியம் வாங்கிவிட்டால் பயந்து போட்டுவிடுவார்களாம். உங்கள் பக்தியை அவர்கள் எதற்கு உபயோகிக்கிறார்கள் பாருங்கள்! அந்தக் காசை வாங்கவே கூடாது என்பதுதான் நாம் சொல்லுவது. ஏனென்றால் கொடுத்தவன் உங்கள் ரோட்டிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் அதைப் பத்து மடங்காக எடுத்துக்கொள்ளுவான். அப்படி மயக்கியோ மிரட்டியோ வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது. ஓட்டு ரகசியமானது என்று சட்டம் சொல்லுகின்றது. நீங்கள் எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள் என்று வெளியே நிற்கும் புருஷனுக்கும் தெரியாது. காசு கொடுத்தவனுக்கும் தெரியாது. சாமி வந்து காட்டிக் கொடுத்ததாக இதுவரை ஒரு தேர்தலிலும் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே தாய்மார்களே! நாம் உங்களுக்குச் சொல்லுவது நாலே காரியங்கள். முதலாவது, ஜாபிதாவில் உங்கள் பேர் சரியாக இருக்கின்றதா என்று நீங்களே பாருங்கள். 18 வயதான பெண்ணைக் கலியாணத்துக்குப் பார்ப்பதற்கு முன்னால் ஜாபிதாவில் சேருங்கள். கலியாணமாகி ஊர் மாறினால் புது ஊரில் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, யாருக்கு ஓட்டு என்பதை வீட்டில் தாராளமாகப் பேசுங்கள், சண்டைகூடப் போடுங்கள்; முடிவு மாத்திரம் உங்களுடையதாய் இருக்கட்டும். மூன்றாவது, தேர்தல் நாளோடு வேலை தீர்ந்தது என்று இராதீர்கள். கிராமசபை என்று ஒன்று இருக்கின்றது. 2022-இல் அதை வருஷத்துக்கு 6 நாள் கூட்டுவதென்று சர்க்கார் ஏற்பாடு செய்தது. அங்கே போய்த் தண்ணீரையும், ரோட்டையும், கணக்கையும் கேளுங்கள். நாலாவது, பஞ்சாயத்தில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் அவளிடமே போய்ப் பேசுங்கள்; அவள் புருஷனிடம் போகாதீர்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண்கள் வேறு ஒருவருக்கு ஓட்டுப் போட்டால் உங்கள் மானம் போய்விடாது. உங்களுக்கு ஓட்டு இல்லாத காலத்தில், "குடியானவனுக்கு ராஜ்ய விஷயம் என்ன தெரியும்?" என்று ஜமீன்தாரன் கேட்டான். அவனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்களோ, அதே பதிலை உங்கள் வீட்டுப் பெண்கள் உங்களுக்குச் சொல்லுவதற்குப் பாத்தியதை உடையவர்கள்.

சட்டம் கொடுக்க வேண்டியதை 1950-லேயே கொடுத்துவிட்டது. மீதியைக் கொடுப்பதற்கு வேறு சட்டசபை கிடையாது. உங்கள் வீடுதான் அந்தச் சட்டசபை. அதில் தீர்மானம் கொண்டு வர வேண்டியவர்களும் நீங்களே. நிறைவேற்ற வேண்டியவர்களும் நீங்களே.